தாஜ்மகாலுக்கு ஒருநாள் ரயில் சுற்றுலா

தில்லியிலிருந்து காலையில் ரயிலேறி, ஆக்ராவில் தாஜ்மகாலைக் கண்டு, இரவுக்குள் திரும்பும் சுற்றுலா அறுபது ஆண்டு வரலாறு உடையது. மும்தாஜின் நினைவாக ஷாஜகான் 1632இல் கட்டத் தொடங்கிய இக்கல்லறை மாளிகைக்குச் செல்வோருக்காகவே 1964இல் தாஜ் எக்ஸ்பிரஸ் விடப்பட்டது. அதில் வருவோரை ஆக்ரா கண்டோன்மென்ட் நிலையத்தில் ஏற்றிக்கொண்டு, பத்தேப்பூர் சிக்ரி, ஆக்ரா கோட்டை, தாஜ்மகால் ஆகியவற்றை வழிகாட்டியுடன் சுற்றிக்காட்டும் பேருந்துகளும் இயங்கின.

பயணிகளைக் கொண்டுவந்த ரயில்வேயே தாஜ்மகாலுக்குத் தீங்கும் செய்தது. அனல்மின் நிலையங்கள், வார்ப்பாலைகள் ஆகியவற்றுடன் ரயில்வே யார்டின் நிலக்கரிப் புகையும் காற்றைக் கெடுப்பதாக வரதராஜன் குழு 1978இல் சுட்டிக்காட்டியது. நீராவி எஞ்சின்களுக்குப் பதில் டீசல் எஞ்சின்களைப் பயன்படுத்தவும் பரிந்துரைத்தது. 1983இல் தாஜ்மகால் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அப்பகுதியில் நிலக்கரி எரிக்கும் 292 தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், இயலாதவை வெளியேறவேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

2016 ஏப்ரல் 5 அன்று தொடங்கிய கதிமான் எக்ஸ்பிரஸ் மின்சாரத்தால் ஓடுவது. மணிக்கு 160 கி.மீ. வேகம் வரை செல்லும் இது, நிஜாமுதீனிலிருந்து 188 கி.மீ. தொலைவை 100 நிமிடங்களில் கடந்தது. தாஜ்மகாலுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் இந்த ரயிலும் ஓடுவதில்லை. பயணம் விரைவானது நன்றே. ஆனால் பார்க்கப் போகும் பளிங்கு வெண்மையாக நிலைத்தால்தான் அந்த விரைவுக்குப் பொருள் உண்டு.