நூற்றுவீதமும் அதன் பகுதியெண்ணும்: மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நூற்றுவீதம் தனியோர் எண்ணன்று; அஃது இரண்டு எண்களுக்கிடையிலான உறவு. மேலே நிற்கும் தொகுதியெண்ணில் எவர் சேர்க்கப்பட்டனர், கீழே நிற்கும் பகுதியெண்ணில் எவர் சேர்க்கப்பட்டனர் என்னும் இரு வினாக்களுக்கும் விடை தெரிந்த பின்னரே அவ்வுறவு பொருள் பெறும். வணிகத் தரவுகளை வரைபடமாக்கும் இன்றைய கணினி மென்பொருள்களில் இவ்வினாக்கள் வடிகட்டல் பற்றிய நுட்பச் சிக்கலாகவே கற்பிக்கப்படுகின்றன. ஆயின், எவரை எண்ணுவது, எவரை விடுவது என்னும் வடிகட்டல் மக்களின் வாழ்வையே மாற்றிய வரலாறு மத்திய மலைநாட்டுக்கு உண்டு. மாத்தளை மாவட்டம் அதற்குத் தக்கதொரு சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். 1880இல் மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியோர் அவர்களுட் பலர். ஆகவே, எம்மாதத்தில் எண்ணப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அக்காலத் தோட்டங்களின் குடித்தொகை பெருகியும் சுருங்கியும் தோன்றியிருக்கும். 1871இல் நடைபெற்ற முதலாவது முறையான குடிசன மதிப்பீட்டை வாசிப்போர் இதனை மறத்தலாகாது.

1911ஆம் ஆண்டின் மதிப்பீட்டிலே தொகுதியெண் பிளவுபட்டது. அதுவரை தமிழர் என ஒன்றாக எண்ணப்பட்டோர் முதன்முறையாக இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என வகுக்கப்பட்டனர். நாட்டின் குடித்தொகையில் ஏறத்தாழ 26 வீதமாக இருந்த ஒரு பிரிவு, ஏறத்தாழ 13 வீதமான இரு பிரிவுகளாயிற்று. ஒருவரும் இறக்கவில்லை, ஒருவரும் இடம்பெயரவில்லை. அட்டவணையின் நிரல் மட்டுமே மாறிற்று. அந்நிரலே பின்னாளில் சட்டத்தின் எல்லைக்கோட்டுக்கு வழிகாட்டியது எனலாம்.

1946ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பு, மாகாணந்தோறும் 75,000 ஆட்களுக்கு ஒன்றும், 1,000 சதுர மைலுக்கு ஒன்றுமாகப் பாராளுமன்ற ஆசனங்களைப் பங்கிட விதித்தது. ஆட்கள் என்னும் சொல்லில் தோட்டத் தொழிலாளரும் அடங்கினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் தெரிவாகினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் அகற்றின. ஆயினும், 1952ஆம் ஆண்டுத் தேர்தல் 1947ஆம் ஆண்டுத் தேர்தலுக்கென வகுக்கப்பட்ட அதே ஆசனங்களுக்கே நடைபெற்றது. ஆசனம் பங்கிடுகையில் அவர்கள் எண்ணப்பட்டனர், வாக்களிக்கையில் எண்ணப்படவில்லை. மாத்தளை உள்ளடங்கிய மத்திய மாகாணத்தில், அவர்களின் தலைகளால் கிடைத்த ஆசனங்களை ஏனையோரின் வாக்குகளே நிரப்பின. ஒரு பின்னத்தின் கீழ்ப்புறத்தில் இல்லாத வடிகட்டியை மேற்புறத்தில் மட்டும் இட்டதன் அரசியல் விளைவு இதுவே.

பின்வந்த மாற்றங்களும் இவ்வாறே ஆராயத்தக்கன. 1971இல் நாட்டின் குடித்தொகையில் 9.3 வீதமாக இருந்த இந்தியத் தமிழர், 1981இல் 5.5 வீதமாயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டமை ஒரு காரணம். இலங்கைத் தமிழர் எனத் தம்மைப் பதிந்துகொண்டமை மற்றொன்று. முன்னையது மக்களின் வெளியேற்றம், பின்னையது பெயரின் மாற்றம். நூற்றுவீதம் இவ்விரண்டையும் ஒரே வீழ்ச்சியாகவே காட்டும்.

மாவட்டத்தின் உள்ளமைப்பும் கருதத்தக்கது. தெற்கே உக்குவளை, இறத்தோட்டை முதலிய பிரிவுகளில் பெருந்தோட்டங்கள் உள்ளன. வடக்கே தம்புள்ளை, கலேவெல போன்ற உலர்வலயப் பிரிவுகள் நெல்லுக்கும் மரக்கறிக்கும் உரியவை. கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோமாயின், 1,000 பேர் வாழும் ஒரு மாவட்டத்தில் தோட்டத்துறையினர் 200 பேர்; இந்தியத் தமிழர் மொத்தம் 150 பேர்; அவர்களுள் தோட்டத்தில் வாழ்வோர் 120 பேர். இந்த 120 பேர் தோட்டத்துறையில் 60 வீதம். மாவட்டத்தில் 12 வீதம். தம் சமூகத்துள் 80 வீதம். மூன்றும் சரியானவை, மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள்.

2015இல் வெளிவந்த பவர் பீஐ போன்ற மென்பொருளிலும் இதே நிலைதான். தோட்டத்துறை என்னும் தெரிவை வாசகர் அழுத்தியதும், அத்தெரிவு பின்னத்தின் இரு புறத்தையும் ஒருங்கே வடிகட்டுகின்றது. ஆகவே 60 தோன்றும். மாவட்டம் முழுவதையும் பகுதியெண்ணாகக் கொள்ள வேண்டின், துறை என்னும் வடிகட்டியைப் பகுதியெண்ணிலிருந்து மட்டும் நீக்குமாறு கோவையில் எழுதுதல் வேண்டும். அனைத்து வடிகட்டிகளையும் நீக்கினால், நாடு முழுவதற்குமான தரவில் மாவட்டத் தெரிவும் அகன்று, நாட்டின் குடித்தொகையே பகுதியெண்ணாகிவிடும். மாறாக, இனம், துறை என்னும் இரு வடிகட்டிகளும் இரு புறமும் நிற்குமாயின், வரைபடத்தின் ஒவ்வொரு பட்டையும் 100 வீதத்தையே காட்டும். இப்பிழை கண்ணுக்குத் தெரிவதால் திருத்தப்படும். 12க்கும் 60க்கும் இடையிலான பிழையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டுமே நம்பத்தக்க எண்களாய்த் தோன்றும்.

தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியரையோ தோட்ட மருத்துவ நிலையத்துக்குத் தாதியரையோ ஒதுக்கும் திட்டமொன்று மாவட்டச் சராசரியை மட்டும் நோக்குமாயின், உக்குவளையின் தேவை தம்புள்ளையின் பெருந்தொகையுள் அமிழ்ந்துவிடும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்க வழிசெய்தது. வாக்காளர் இடாப்பில் திரும்பப் பெற்ற இடத்தை, வரைபடத்தின் கவனமற்ற பகுதியெண்ணொன்று மீண்டும் மறைத்துவிடலாகாது. எனவே, ஒவ்வொரு நூற்றுவீதத்தின் அருகிலும் அஃது எதனுள் எத்தனை வீதம் என்பதைச் சொல்லில் எழுதிவைத்தல் ஆய்வாளர் கடனாகும்.