சீரியம்
உலோக மூலகமொன்றின் பெயர். 'சீரிய' என்ற நம் அடைமொழியோடு இதற்கு உறவில்லை. சீரிஸ் உரோமரின் தானியத் தெய்வம். 1801இல் கண்டறியப்பட்ட சிறுகோளுக்கு அந்தப் பெயர் போனது, 1803இல் பெர்சீலியசும் ஹிசிங்கரும் சிறுகோளின் பெயரை இதற்குச் சூட்டினர். அருமண் வகுப்பில் வைத்தாலும் புவியோட்டில் ஏறக்குறைய செப்பளவு இருக்கிறது. 'அரு' இதற்குப் பொருந்தாது என்பேன்.

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கரையில் கனிய மணலை ஒரு கை அள்ளினால் பாரம் தெரியும். கருமை இல்மனைற்றினுடையது. இடையிடையே சிறிதளவாகக் கிடக்கும் மஞ்சட்பழுப்பு மணிகளான மொனசைற்றில்தான் சீரியம் உண்டு.

சீரியத்தின் விந்தை கடுங்குளிரிலேயே வெளிப்படும். தனிப்பூச்சியத்தை நெருங்குகையில், சில சீரியச் சேர்வைகளில் அணுவோடு ஒட்டியிருந்த 4எஃப் இலத்திரன் கடத்தும் இலத்திரன்களோடு கலக்கிறது. அவை நூற்றுக்கணக்கான மடங்கு திணிவுடையனபோல் இயங்குகின்றன. அணு இடைவெளி சற்றே மாறினாலும் இந்தக் கலப்பு பெரிதும் மாறும். ஆகவே சாதாரண உலோகம் குளிரக் குளிர விறைக்க, இச்சேர்வைகளுட் சில நெகிழ்கின்றன. ஊடே செல்லும் கழியொலியின் வேகம் குறைவதில் அது பிடிபடுகிறது. 1979இல் ஸ்ரெக்லிச் குழுவினர் சீரியம், செப்பு, சிலிக்கன் சேர்ந்த சேர்வையில், ஏறத்தாழ அரைக் கெல்வினில், மீக்கடத்தலையும் கண்டனர்.