வால்ட்ஸும் பகடையும் லூப்பும்: உழைப்பு எங்கே இருக்கிறது?



நம் பழைய மாணவர் ஒருவர் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான வால்ட்ஸ் ஒன்றை அமைத்து எனக்கு அனுப்பியிருந்தார். வயலின், செல்லோ, புல்லாங்குழல் எல்லாம் கேட்கின்றன. ஆனால் மேடையில் உட்கார்ந்து வாசித்தவர் ஒருவரும் இல்லை. தானே எழுதிய மென்பொருளில் சின்னச் சின்ன லூப்புகளைச் செய்து, பூத்தொடுப்பதுபோல் தொடுத்திருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள், "மிஷின் போட்ட பாட்டுக்கு உன் பேரா?" என்று கேட்டுவிட்டார்களாம். "நீங்க சொல்லுங்க சார்" என்கிறார். இந்தக் கேள்விக்கு 250 வயதுக்கு மேல் ஆகிறது. அதனால் பதிலும் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வால்ட்ஸ் என்றால் என்ன? ஆஸ்திரியா, தென் ஜெர்மனிப் பகுதிகளின் நாட்டுப்புறச் சுழல் நடனத்திலிருந்து வளர்ந்த இசை. மூன்று எண்ணிக்கை. 'தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்கள். முதல் எண்ணில் அடிநாதக் கருவி, அடுத்த இரண்டில் மற்ற கருவிகளின் மெல்லிய தட்டல். இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு 'பார்'. நம் ஆவர்த்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் அணைத்தபடி ஆடும் இந்த நடனம் 1816இல் லண்டன் அரசவை விருந்தில் ஆடப்பட்டபோது, டைம்ஸ் பத்திரிகை ஒழுக்கக்கேடு என்று கண்டித்து எழுதியது. அதே வால்ட்ஸ் 1867இல் இரண்டாம் யோகான் ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' வந்தபோது வியன்னாவின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

வால்ட்ஸின் உடலமைப்பைக் கவனியுங்கள். எட்டு பார், பதினாறு பார் என்று கச்சிதமான துண்டுகள். ஒவ்வொரு துண்டும் திரும்ப வரும். ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' கூட ஐந்து சிறு வால்ட்ஸ்களின் தொடர்தான். முன்னே ஒரு முகப்பு, பின்னே ஒரு முடிப்பு. துண்டுகளைக் கோப்பது கணினி கொண்டுவந்த பழக்கம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி பகடைக்கு வருவோம். பாக்கின் மாணவரான கிர்ன்பெர்கர் 1757இல் பெர்லினில் ஒரு புத்தகம் வெளியிட்டார். பகடை உருட்டி, வரும் எண்ணுக்கு உரிய பாரை எடுத்து எழுதிக்கொண்டே போனால், இசை தெரியாதவரும் நடன இசை அமைத்துவிடலாம். பிறகு இது ஐரோப்பிய வரவேற்பறைகளில் பொழுதுபோக்காகவே பரவியது. மொசார்ட் இறந்தபின், 1790களில், அவர் பெயரைப் போட்டு வால்ட்ஸ் அமைக்கும் பகடை விளையாட்டு ஒன்று அச்சானது. அது அவர் செய்ததுதான் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

அதன் கணக்கு அழகானது. இரண்டு பகடையை உருட்டினால் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை, அதாவது 11 வாய்ப்புகள். வால்ட்ஸுக்கு 16 பார். எனவே 11 × 16 = 176 பார்கள் எழுதித் தரப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து எத்தனை வால்ட்ஸ் பிறக்கும்? 11ஐ 16 முறை தன்னோடு பெருக்குங்கள்: 45,949,729,863,572,161. சில கட்டங்களில் ஒரே இசை திரும்ப வருவதால் உண்மை எண்ணிக்கை குறையும். ஆனாலும் காகிதக் கணக்கில், ஒரு வால்ட்ஸுக்கு அரை நிமிடம் என்று வைத்து இராப்பகலாக வாசித்தால் 4,300 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான்.

இங்கேதான் நம் கேள்விக்கு முதல் பதில். எந்த எண் விழுந்தாலும் இசை கெடுவதில்லையே, ஏன்? மூன்றாம் பாருக்கான 11 துண்டுகளில் எது வந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் வருவதோடு இசையும்படி ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். அதிர்ஷ்டம் எந்தப் பக்கம் போனாலும் தடுக்கி விழாதபடி தரையைச் சமன் செய்தவர் அவர். பகடையை உருட்டியவருக்கு அந்த வேலை கண்ணில் படாது.

அடுத்த ஆள் வின்கல். ஆம்ஸ்டர்டாமில் ஆர்கன் செய்த கைவினைஞர். 1821இல் 'கம்போனியம்' என்ற தானியங்கி ஆர்கெஸ்ட்ரா இயந்திரத்தைச் செய்தார். உள்ளே முள் பதித்த இரண்டு உருளைகள். ஒன்று இரண்டு பார் வாசிக்கும்போது மற்றது மௌனமாக நகர்ந்து, அடுத்து எந்த மாறுபாட்டை வாசிப்பது என்பதைத் தற்செயலாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு அது வாசிக்கும், இது நகரும். லூப்புகளை மாற்றி மாற்றி ஓட்டும் இன்றைய மென்பொருளின் தாத்தா என்றே இதைச் சொல்லலாம். பாரிசில் காட்சிக்கு வைத்தபோது பலர் நம்பவில்லை. இயற்பியலாளர் பியோவும் இசையமைப்பாளர் கட்டெலும் ஆராய்ந்து, இயந்திரம் சொன்னபடியே செய்கிறது என்று 1824இல் சான்று சொன்னார்கள். இன்றும் அது பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதே வின்கல்தான் தாளம் காட்டும் மெட்ரோனோமின் அடிப்படை அமைப்பை 1814இல் கண்டுபிடித்தவர். அதைப் பார்த்த மேல்ட்சல், அளவுகோல் ஒன்றைச் சேர்த்துத் தன் பெயரில் காப்புரிமை வாங்கிவிட்டார். பின்னர் நெதர்லாந்து அறிவியல் கழகம் வின்கல் பக்கமே நியாயம் என்றது. என்ன பயன்? உலகம் முழுக்க இசைத்தாளில் இன்றும் வேகத்தைக் குறிக்க அச்சாவது மேல்ட்சலின் பெயர். வின்கல் 1826இல் காலமானார். ஒருவர் உழைப்பை "உன் பேரா?" என்று கேட்கும் முன் எனக்கு இந்த மனிதர்தான் நினைவுக்கு வருவார்.

கணினிக் காலம் 1950களில் தொடங்குகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லர், ஐசக்சன் என்ற இருவர் இலியாக் கணினியைக் கொண்டு நால்வர் வாசிக்கும் நரம்பிசை ஒன்றை 1957இல் முடித்தார்கள். ஹில்லர் வேதியியல் படித்தவர். இதே ஹில்லர், ஜான் கேஜுடன் சேர்ந்து 1969இல் அரங்கேற்றிய பெரிய நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொண்டதும் மொசார்ட் பெயரிலான அந்தப் பகடை விளையாட்டைத்தான்.

அதே 1957இல் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ், கணினியே ஒலியை உண்டாக்கும் நிரலை எழுதினார். முதல் இசை வெறும் 17 நொடி. அடுத்த நிரல்களில் ஓர் உத்தி வந்தது: ஒலி அலையின் ஒரே ஒரு சுற்றை எண்களாக அட்டவணையில் வைத்து, அதையே திரும்பத் திரும்பப் படிப்பது. நொடிக்கு 440 முறை படித்தால் ஒரு சுரம். அதுவும் லூப்தானே! 1961இல் பெல் ஆய்வகக் கணினி 'டெய்சி பெல்' என்ற 1892ஆம் ஆண்டுப் பாடலைப் பாடியது. பின்னணி இசை மேத்யூஸுடையது. அந்தப் பாட்டும் மூன்று எண்ணிக்கைதான். அதைக் கேட்ட ஆர்தர் கிளார்க், நம் பக்கத்து இலங்கையில் வாழ்ந்த அதே எழுத்தாளர், 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இறக்கும் கணினியின் வாயில் அதை வைத்தார். விண்கலம் மிதக்கும் காட்சியில் ஒலிப்பது 'நீல டான்யூப்'.

சரி, இன்று வீட்டில் லூப் செய்பவருக்கு என்ன வேலை? நிமிடத்துக்கு 180 எண்ணிக்கை என்று வேகம் வைத்தால் ஒரு பார் சரியாக ஒரு நொடி. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடி என்பது 44,100 எண்கள். ஓர் எண்ணிக்கைக்கு 14,700. லூப்பின் வாலும் தலையும் சேரும் இடத்தில் அலையின் உயரம் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதை இழைத்துச் சரிசெய்ய வேண்டும். அடுத்தது, வியன்னாக்காரர்கள் இரண்டாவது தட்டலைச் சற்று முன்னதாகவே போடுவார்கள். சரிசமமாகப் பிரித்தால் கணக்கு சரி, வால்ட்ஸ் செத்துவிடும். எத்தனை எண் முன்னே தள்ளுவது என்று காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த நிரலும் தானாகச் சொல்லாது.

மூன்றாவது, அலுப்பு. எல்லா லூப்பும் நான்கு பார் என்றால் நான்கு நொடியில் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். செல்லோவுக்கு 4 பார், வயலினுக்கு 6 பார் என்று வைத்தால் 12 பாருக்கு ஒருமுறைதான் இரண்டும் தொடக்கத்தில் சந்திக்கும். ஆம், மீச்சிறு பொது மடங்குதான். "இது எதுக்கு சார் உதவும்?" என்று கடைசி பெஞ்சில் கேட்டவர்களே, இதற்கும் உதவும்.

நம் மாணவர் அந்த வால்ட்ஸுக்கு ஏழு மாதம் செலவிட்டதாகச் சொன்னார். இரண்டாவது தட்டல் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது சமமாக விழவில்லை, அவர் தள்ளி வைத்த இடத்தில் விழுந்தது. அவர் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு லூப்பை முதலிலிருந்து செய்துகாட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பெயர் யாருடையது என்று பேசலாம்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: 4, 6, 10 பார் நீளமுள்ள மூன்று லூப்புகள் சேர்ந்து ஓடினால், மறுபடி மூன்றும் ஒன்றாகத் தொடங்க எத்தனை நொடி ஆகும்? மேலே சொன்ன வேகம்தான். பேரப்பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்