பழனிச் சாலையும் பற்சக்கரப் பெட்டியும்



என் ஊர் உடுமலைப்பேட்டை. மேற்கே பொள்ளாச்சிக்கும் கிழக்கே பழனிக்கும் செல்லும் நெடுஞ்சாலை எங்கள் ஊரின் நடுவே ஓடுகின்றது. 2009-ஆம் ஆண்டு முதல் நாங்கள் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அதற்கு முன் கோவை மாவட்டத்தார். மாவட்டத்தின் பெயர் மாறினும் சாலை மாறவில்லை. அந்தச் சாலையில் நிகழ்ந்த ஒரு பழைய செய்தியையும், என் வீட்டு முற்றத்தில் நிகழ்ந்த ஒரு சிறிய செய்தியையும் இணைத்துச் சொல்ல விரும்புகின்றேன். இரண்டும் சொல்லும் பாடம் ஒன்றே.

போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரையில் 1915-இல் இருப்புப் பாதை வந்தது. பொள்ளாச்சியைப் பழனி வழியாகத் திண்டுக்கல்லோடு இணைத்த பாதையோ 1928-இல்தான் திறக்கப்பெற்றது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் 1920-ஆம் ஆண்டு, ஒருவர் ஒரே ஒரு மோட்டார் வண்டியை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அவர்தாம் ஜி. டி. நாயுடு. 1893-இல் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லாதவர். இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பொருள் சேர்த்து, அத்தகைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றுவதோடு நிற்கவில்லை. அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தார். பின்னர்த் திருப்பூரில் பஞ்சு வணிகம் செய்து பொருள் ஈட்டினார். பம்பாயில் அதனை இழந்தார். அதன் பிறகே பேருந்துத் தொழிலுக்கு வந்தார்.

அக்காலத்து மோட்டார் வண்டியை ஓட்டுவது எளிய செயல் அன்று. இயந்திரம் ஓரளவு விரைவாகச் சுழன்றால்தான் அதற்கு வலிமை உண்டு. மேடு ஏறும்போது வண்டி மெல்லச் செல்ல வேண்டும். இயந்திரமோ விரைவாகச் சுழல வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதே கியர்ப் பெட்டி. 20 பற்கள் கொண்ட சக்கரம் 40 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றினால், வேகம் பாதியாகக் குறையும். திருப்பு விசை ஏறக்குறைய இரு மடங்காகும். பிரான்சு நாட்டில் 1890-களில் பானார், லெவாசோர் நிறுவனத்தார் இதனை மோட்டார் வண்டிக்கு ஏற்ப அமைத்தனர். ஆனால் அதில் சுழலும் சக்கரத்தை மற்றொரு சுழலும் சக்கரத்தின் மேல் நகர்த்திப் பொருத்த வேண்டும். இரண்டின் வேகமும் ஒத்துவராவிட்டால் பற்கள் மோதி அலறும். ஆதலால் ஓட்டுநர்கள் கிளட்ச்சை இருமுறை மிதித்து, காதால் கேட்டு, கையால் உணர்ந்து கியர் மாற்றினர். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் வண்டிகளில் ஒரு புதிய அமைப்பு வந்தது. பற்கள் சேருமுன் ஒரு கூம்பு வளையம் உராய்ந்து இரண்டின் வேகத்தையும் சமமாக்கியது. எங்கள் ஊர் வழியே பழனிக்கு ரயில் வந்த அதே ஆண்டு அது.

இனி என் வீட்டுச் செய்திக்கு வருகின்றேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பிக்கப் வண்டி உண்டு. விசைத்தறிகளுக்கு நூல் ஏற்றிச் செல்வது அதன் வேலை. அது நின்றால் வீட்டின் வருவாயும் நின்றுவிடும். ஒரு நாள் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றும்போது அது அலறத் தொடங்கியது. பழைய பெட்டியை எறிந்துவிட்டு, வேறொன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்றேன் நான். பட்டறைத் தொழிலில் முதிர்ந்த என் மாமா அதற்கு உடன்படவில்லை. “முதலில் எண்ணெயை வடித்துப் பார்ப்போம், மாப்பிள்ளை” என்றார்.

வண்டியை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்தோம். வெயிலில் அது பொன் துகள் கலந்ததுபோல் மின்னியது. எஃகுச் செதில்கள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கும். மஞ்சள் துகள் மட்டும் இருப்பதால் தேய்ந்தது பித்தளை வளையம் என்றார் மாமா. வரலாற்று ஆசிரியனுக்குக் கல்வெட்டு எப்படியோ, பழுது பார்ப்பவனுக்கு அந்த எண்ணெய் அப்படி. இருவராகப் பெட்டியை இறக்கிப் பிரித்தோம். அவர் சொன்ன வளையமே தேய்ந்திருந்தது. எஃகுப் பற்சக்கரங்கள் குறையின்றி இருந்தன.

புதிய வளையம் போட்டால் வேலை முடிந்தது என்று நான் மகிழ்ந்தேன். மாமாவோ, “வளையம் தேய்ந்தது சரி, ஏன் தேய்ந்தது?” என்று வினவினார். அவ்வினா என்னைத் தலைகுனிய வைத்தது. கிளட்ச்சை இயக்கும் கம்பி பல நாளாகத் தளர்ந்திருந்தது. நான் அதனைக் கவனியாமல் ஓட்டிவந்தேன். மிதியை முழுதும் அழுத்தியபோதும் கிளட்ச் முழுமையாக விலகவில்லை. இயந்திரம் ஓயாது இழுத்துக்கொண்டிருக்க, வேகத்தைச் சமமாக்கும் சுமை முழுவதும் அந்தச் சிறிய வளையத்தின் மேல் விழுந்திருக்கின்றது. பெட்டியையே மாற்றியிருந்தாலும், சில மாதங்களில் புதியதும் இவ்வாறே அலறியிருக்கும். பணமும் போயிருக்கும், பழுதும் தங்கியிருக்கும்.

இன்னொரு பிழையையும் மறையாமல் சொல்ல வேண்டும். பூட்டி முடித்து எழுந்தபோது, மெல்லிய வாஷர் ஒன்று தட்டில் மிஞ்சிக் கிடந்தது. உறுப்புகளைக் கழற்றிய வரிசையில் அடுக்கிவைக்குமாறு மாமா சொல்லியிருந்தும் நான் அலட்சியம் செய்தேன். அந்திக்குள் முடிய வேண்டிய வேலை மறுநாள் வரை நீண்டது. மாமா கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு துணியை விரித்து, மீண்டும் முதல் திருகிலிருந்து தொடங்கினார். மறுநாள் மாலை மடத்துக்குளம் வரை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் கியர் ஓசையின்றி விழுந்தது.

அமராவதிப் பாலத்தருகே வண்டியை நிறுத்தியபோது, அதே வழியில் 1920-இல் ஓடிய அந்த ஒற்றைப் பேருந்தை நினைத்துக்கொண்டேன். தம் வண்டியின் உறுப்புகளைத் தாமே அறிந்த மனிதர் ஒருவரின் கையில் அது ஓடியது. அந்த ஒரு வண்டி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் செய்தவரும் அவரே. 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்வி நிலையம் அமைய முன்னின்றவரும் அவரே. பள்ளியை விட்டு விலகிய ஒருவர், இளைஞர் கையில் கருவியைக் கொடுத்துக் கற்பிக்கும் பள்ளிக்குத் துணைநின்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

பழுதுற்ற பொருளை மாற்றுவது சில வேளைகளில் தவிர்க்க முடியாததே. பற்கள் முறிந்த சக்கரத்தை யாரும் வளர்த்துவிட முடியாது. ஆயினும் மாற்றுவதற்கு முன் காரணத்தைக் கேட்க வேண்டும். கேளாமல் மாற்றுகின்றவன் பொருளை மட்டுமே பெறுகின்றான். கேட்டு மாற்றுகின்றவன் அறிவையும் பெறுகின்றான். உங்கள் வீட்டில் ஓடாது நின்ற கடிகாரமோ மிதிவண்டியோ இருந்தால், பெரியவர் ஒருவரைத் துணையாகக் கொண்டு பிரித்துப் பாருங்கள். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, உறுப்புகளை வரிசையாக வைக்க மட்டும் மறவாதீர்கள்.