தணித்தலும் தீர்த்தலும்: சுங்கை பூலோ சொல்லும் வரலாறு



துன்பத்தைக் குறைத்தல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பல உள. அலீவியேட், ரிலீவ், மிட்டிகேட், சூத், அலே, பாலியேட் என அவை நீளும். நம் மாணவர்கள் அனைத்திற்கும் ‘தணி’ என்றே எழுதிவிடுகின்றனர். பிழையன்று, ஆயினும் போதாது. அலீவியேட், ரிலீவ் ஆகிய இரண்டும் சுமையை இலேசாக்குதல் என்னும் இலத்தீன் வேரில் பிறந்தவை. பாலியேட் என்பதன் வேர் போர்வையைக் குறிக்கும்; நோய் உள்ளே இருக்க, அதன் கொடுமையை மட்டும் மூடுவது. சூத் என்பதன் பழம்பொருள் ‘உண்மையே என ஒப்புக்கொள்ளுதல்’. அழுகின்றவரிடம் “ஆமாம், ஆமாம்” என்கிறோமே, அதுதான்!

தமிழோ வெம்மையிலிருந்து புறப்படுகிறது. சூடு தணிகிறது, பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயின் காரணத்தை ஆராயச் சொன்ன பிறகு ஆள்வது தணித்தல் என்னும் வினையையே. ஆனால், இன்றைய வழக்கில் தணித்தல் வேறு, தீர்த்தல் வேறு. இவ்வேறுபாட்டை விளக்க நான் கையாளும் எடுத்துக்காட்டு நம் சுங்கை பூலோவிலேயே இருக்கிறது.

தொழுநோயாளிகளைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தும் சட்டம் 1926இல் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்தது. அதன்பின் 1930இல் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறைபோன்ற காப்பகமாக அன்றி, வீடும் தோட்டமும் உள்ள ஊராக இஃது அமைய வேண்டுமென முயன்றவர் மருத்துவர் டிராவர்ஸ். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நாள்தோறும் கடந்து செல்லும் ஜாலான் டிராவர்ஸ் அவர் பெயரைத் தாங்கியதே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நோயாளிகள் 2,000 பேருக்கு மேல் வாழ்ந்த காலமும் உண்டு. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் உள்ளேயே இருந்தன. வெளியே செல்லாத தனிப் பணத்தாள்கூட 1936இல் அச்சிடப்பட்டது. ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்னும் பெயரும் நிலைத்தது.

அன்று கையிலிருந்த மருந்து சால்மூக்ரா எண்ணெய். நம் சித்த மருத்துவம் நன்கறிந்த நீரடிமுத்து இம்மர இனத்தைச் சேர்ந்ததே. ஊசி வழியாகச் செலுத்தும்போது கடும் வலி, பயனோ சிறிது. ஆகவே, அக்காலத்து மருத்துவர்கள் செய்ய முடிந்ததெல்லாம் அலீவியேட், ரிலீவ் வகையைச் சேர்ந்தவையே. புண்ணுக்குக் கட்டு, பசிக்கு உணவு, தனிமைக்குத் தோழமை. இவற்றை இழிவாக எண்ணலாகாது.

1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் மருந்து பயன் தந்தது. போருக்குப் பின் அது சுங்கை பூலோவுக்கும் வந்தது. ‘கியூர்’ என்னும் சொல்லை அப்போதுதான் நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது. அதிலும் ஒரு தடை. டாப்சோன் மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் உண்டென்பதை, சுங்கை பூலோ நோயாளிகளை ஆராய்ந்து, பெட்டிட், ரீஸ் ஆகியோர் 1964இல் மெய்ப்பித்தனர். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்ததற்கு இத்தகைய கண்டுபிடிப்புகளே காரணம். நம் ஊரின் பெயர் உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றதைப் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

நோய் தீர்ந்தது. துன்பம் தீர்ந்ததா? இங்குதான் சொற்களின் வேறுபாடு மாணவருக்குச் சுடுகிறது. குடியிருப்பில் பிறந்த குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுக் குழந்தைகள் இல்லத்தில் வைக்கப்பட்டனர். உறவினர் வந்து பெற்றுக்கொள்ளாவிடில் தத்துக் கொடுக்கப்பட்டனர். தொற்று குழந்தைக்குப் பரவாதிருக்க என்று காரணம் சொல்லப்பட்டது. அஃது ஊராரின் அச்சத்தைத் தணித்தது. ஆங்கிலத்தில் ‘அலே’ என்பது இதற்குப் பொருந்தும். தாயின் மனத்தை எந்த வினைச்சொல்லும் ஆற்றவில்லை. “டீச்சர், அச்சம் தணிந்தது யாருக்கு, துன்பம் வந்தது யாருக்கு?” என ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். இலக்கணப் பயிற்சியில் நான்காம் வேற்றுமையில் கேட்கும் வினா அது. எனினும் வகுப்பே அமைதியாகிவிட்டது. பெற்றோர்களே, வீட்டில் இவ்வினாவை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

2020இல் பெருந்தொற்றுக் காலத்தில், பழைய குடியிருப்பின் அருகிலுள்ள சுங்கை பூலோ மருத்துவமனையே கோவிட் நோயாளிகளுக்கு முதன்மையாக இருந்தது. ஓராண்டு தாத்தா பாட்டியைத் தொடாதிருந்த பிள்ளைகளுக்குத் தனிமைப்படுத்தல் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.

குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள் பல 2007இல் இடிக்கப்பட்டன. எஞ்சிய பகுதியில் முன்னாள் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் வளர்த்த செடிப் பண்ணைகளைத் தேடி, கிள்ளான் பள்ளத்தாக்கு எங்குமிருந்து வார இறுதியில் மக்கள் வருகின்றனர். தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுள் சிலரும், நடுவயது தாண்டிய பிறகு, பெற்றோரைத் தேடி வந்தனர். சிலர் நேரில் கண்டனர். சிலருக்குக் கல்லறையே காட்டப்பட்டது.