பதினோரு பைசா மருந்து

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பாராசிட்டமால் பட்டை, தைலம், பேண்டேஜ், எப்போதோ வாங்கிய இருமல் சிரப். இவற்றுக்கு நடுவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று இருக்கிறதா? இருந்தால், காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் இரண்டு வாங்கி வையுங்கள். மிக்சரை விடவும் மலிவு. ஆனால் அந்தச் சிறு பொட்டலத்துக்குள் 140 ஆண்டுக் கதை அடங்கியிருக்கிறது. கதையின் முக்கியமான பகுதிகள் நடந்தது கொல்கத்தாவிலும் அதைச் சுற்றியும்தான்.

தண்ணீர் போனால் உயிர் போகும்

காலராவை நம் பாட்டிமார் வாந்திபேதி என்பார்கள். கடுமையான காலரா கண்டவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடத் தண்ணீர் வெளியேறிவிடும். காலையில் நடமாடியவர் இரவுக்குள் இறந்துபோவார். அவரைக் கொல்வது பெரும்பாலும் உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான்.

இது முதலில் தெரியவந்தது 1831இல். அந்த ஆண்டு காலரா இங்கிலாந்தை எட்டியது. வில்லியம் ஓஷானஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் மிகவும் குறைந்திருப்பதைச் சொன்னார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர் உப்புக் கரைசலை நேரடியாக ரத்தக் குழாயில் செலுத்திப் பார்த்தார். சாகும் நிலையில் இருந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் கிருமி என்ற ஒன்றையே அறியாத காலம் அது. காலரா நோயாளியின் ரத்தத்தை வடித்து எடுப்பதையே சிகிச்சை என்று பல மருத்துவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். லட்டாவின் முறை மறக்கப்பட்டது. (ஓஷானஸி பிறகு கொல்கத்தாவுக்கு வந்தார். இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவர் அவரேதான்.)

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் இந்த முறையைச் சீர்படுத்தி மீண்டும் கொண்டுவந்தார். நாம் இன்று 'டிரிப்ஸ் ஏற்றுவது' என்கிறோமே, அதுதான். காலராவில் பாதிக்கு மேல் செத்துக்கொண்டிருந்த நிலை மாறத் தொடங்கியது. ஆனால் டிரிப்ஸ் ஏற்றச் சுத்தமான பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், பழகிய கை வேண்டும். காலரா பரவும் இடத்தில் பெரும்பாலும் இவை எதுவுமே இருக்காது.

வாய் வழியாகவே கொடுத்தால் என்ன?

நீங்களும் கேட்பீர்கள்: போன தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் போதாதா? இதற்கு மருத்துவர்கள் 'போதாது' என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். வெறும் உப்புத் தண்ணீரைக் குடித்தால் அது அப்படியே வெளியே வந்துவிட்டது. குடல் கெட்டிருக்கிறது, அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

1953இல் கொல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி வேறு விதமாகச் செய்தார். கடுமை குறைந்த காலரா நோயாளிகள் 186 பேருக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துத் தேற்றியதாக லான்செட் இதழில் எழுதினார். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற கணக்கு அதில் முழுமையாக இல்லை. மேல்நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1959இல் அதே நகரத்தில் சம்புநாத் டே என்பவர், காலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அந்த நஞ்சுதான் குடலிலிருந்து நீரைக் கசியவைக்கிறது என்று முயல்களை வைத்து நிரூபித்தார். 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இன்னொரு துண்டைச் சேர்த்தார். குடல் சுவரில் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வழி இருக்கிறது என்பது அவர் சொன்னது.

நம் குடியிருப்பின் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர் தனியாக வந்தால் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். இங்கே குடியிருப்பவர் கூட்டிக்கொண்டு வந்தால் கதவு திறக்கும். காலராக் குடலில் உப்பு தனியாக வந்தால் நுழைவது கடினம். குளுக்கோஸோடு வந்தால் நுழைந்துவிடும். உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீர் தானாகப் பின்தொடரும். காலரா நஞ்சு இந்த ஒரு கதவை மட்டும் மூடுவதில்லை.

கதவு இருக்கிறது என்று தெரிந்தும் தயக்கம் நீங்கவில்லை. 1962இல் பிலிப்பைன்ஸில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் வாய்வழிக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தபோது சில நோயாளிகள் இறந்துபோனார்கள். அளவு தவறினால் இது ஆபத்து என்று அவர் முயற்சியை நிறுத்தினார்.

1968இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் இருபதுகளில் இருந்த இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும், அந்த அளவைக் கண்டுபிடித்தார்கள். நடுவில் ஓட்டை போட்ட கட்டில், கீழே வாளி. வாளியில் எவ்வளவு சேர்கிறதோ அந்த அளவுக்குக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருப்பது. 29 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் டிரிப்ஸின் தேவை 80 சதவீதம் குறைந்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் கொல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்திலும் இதே போன்ற முடிவு வந்தது. அந்தக் குழுவில் திலீப் மஹலநாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார்.

பன்காவ், 1971

இதுவரை நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குள், மருத்துவர் கண் முன்னே. படிக்காத தாயிடம் இதைக் கொடுத்தால் சரியாகச் செய்வாரா என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை.

1971இல் வங்கதேச விடுதலைப் போர் மூண்டது. சுமார் ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையை ஒட்டிய பன்காவ் ஊரைச் சுற்றியிருந்த முகாம்களில் மட்டும் மூன்றரை லட்சம் பேர். மழை, சேறு, திறந்தவெளி, கூடவே காலரா. ஜூன் 24ஆம் தேதி மஹலநாபிஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். பன்காவ் ஆஸ்பத்திரியின் காலரா வார்டில் இருந்தவை இரண்டு அறைகளும் 16 படுக்கைகளும். நோயாளிகள் தரை முழுவதும் கிடந்தார்கள். அவர்களுக்கு டிரிப்ஸ் ஏற்றவேண்டுமானால், தரையில் பரவிக் கிடந்த மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் முன் இரண்டே வழிகள்: பெரிய அளவில் எங்கும் நிரூபிக்கப்படாத ஒன்றைச் செய்து பார்ப்பது, அல்லது மக்கள் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அவர் முதல் வழியை எடுத்தார்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் ஆப்பசோடா. எல்லாம் சந்தையில் கிடைப்பவை. கொல்கத்தா ஆய்வு மையத்தின் நூலக அறையில் உட்கார்ந்து எடை போட்டுப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, பையின் வாயை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். பன்காவுக்கு அனுப்பி, அங்கே டிரம்களில் கரைத்து வைத்தார்கள். கரைசலுக்கு 'வாய்வழி சலைன்' என்று பெயர் வைத்ததற்கும் காரணம் உண்டு. சலைன் என்றால் ஊசியில் ஏறும் நல்ல மருந்து என்று மக்கள் அறிந்திருந்தார்கள். செலவு, லிட்டருக்கு 11 பைசா.

கொடுத்தவர்கள் யார்? நோயாளியின் தாய், அண்ணன், மனைவி. டிரம்மிலிருந்து கோப்பையில் பிடித்துக்கொண்டுபோய் ஊட்டினார்கள். தாகம் அடங்கும்வரை கொடுங்கள் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

அன்றைய நிலையில் இப்படிப்பட்ட முகாம்களில் காலரா கண்ட 100 பேரில் 20 முதல் 30 பேர் இறப்பது வழக்கம். மஹலநாபிஸ் குழுவின் கவனிப்பில் அது 3.6 ஆகக் குறைந்தது. கரைசல் தயாரிக்கும் முறையைத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு எல்லையோரம் கொடுத்தார்கள். வங்கதேசத்தின் ரகசிய வானொலியும் அதை ஒலிபரப்பியது.

சொல்லிக் கொடுத்தவர்கள்

நல்ல செய்தி உடனே பரவிவிடவில்லை. மஹலநாபிஸின் ஆய்வுக் கட்டுரை 1973இல்தான் வெளிவந்தது. முகாமை நேரில் வந்து பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பரூவா இதற்காக உள்ளே இருந்து வாதாடினார். 1978இல் அந்நிறுவனம் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இது இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று லான்செட் தலையங்கம் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

ஆனால் பாக்கெட் எட்டாத கிராமங்களை என்ன செய்வது? இதற்கு விடை கண்டது ஃபஸ்லே ஹசன் அபேத் தொடங்கிய வங்கதேசத் தொண்டு நிறுவனமான பிராக். மூன்று விரல் நுனியில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதைச் சொல்லிக் கொடுக்க 1980 முதல் பத்து ஆண்டுகள் பெண் ஊழியர்கள் வீடு வீடாக நடந்தார்கள். தாய்மார்களைத் தங்கள் கையாலேயே கலக்கவைத்தார்கள். பின்னால் வேறொருவர் போய், தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று சோதிப்பார். அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம். ஆரம்பத்தில் கற்றுக்கொண்ட தாய்மார்களில் மிகச் சிலரே கரைசலைப் பயன்படுத்தினார்கள். விசாரித்தால், சொல்லிக் கொடுத்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்கள் வீட்டில் அவர்கள் மாத்திரையைத்தான் நாடினார்கள்! அவர்களை டாக்கா ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய் நோயாளிகள் பிழைப்பதைக் கண்ணால் காணவைத்த பிறகு நிலைமை மாறியது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு அவர்கள் போய்வந்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் உலகில் ஆண்டுக்கு சுமார் 46 லட்சம் சிறு குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்தார்கள். இன்று அது ஐந்து லட்சத்துக்கும் கீழே. சுத்தமான தண்ணீர், கழிப்பறை, தடுப்பூசி என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் இந்தக் கரைசலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மஹலநாபிஸ் 2022 அக்டோபரில் 87 வயதில் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அவர் பெயர் நம்மில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி உங்கள் முறை

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் 100க்கு சுமார் 60 பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டது. இதற்கிடையே சர்க்கரை மிகுந்த சில பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை அட்டையில் போட்டு விற்பனையாயின. அதிகச் சர்க்கரை குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் போக்கைக் கூட்டிவிடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை இத்தகைய பானங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆகவே கடையில் ஜூஸ் அட்டைப்பெட்டியை நீட்டினால் வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று அச்சிட்ட தூள் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கலக்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். பாக்கெட்டுகள் ஒரு லிட்டருக்கும் உண்டு, 200 மில்லிக்கும் உண்டு. எதற்கானது என்று படித்துவிட்டு முழுப் பாக்கெட்டையும் அந்த அளவு தண்ணீரில் கரையுங்கள். பாதித் தூள், ஒரு டம்ளர் தண்ணீர் என்று கண் அளவில் செய்ய வேண்டாம். காய்ச்சி ஆறிய நீர் நல்லது. கரைத்த பிறகு கொதிக்கவைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்பூனில். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்குங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். நள்ளிரவில் பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டி அளந்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கண் குழிவிழுந்தாலோ, அழுதும் கண்ணீர் வராவிட்டாலோ, சிறுநீர் வெகுநேரம் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை துவண்டு தூங்கி விழுந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போகலாம். தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் வேலை செய்பவர்களுக்கும், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டு பாக்கெட் வாங்கும்போது நான்காக வாங்கி, கலக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் பிராக் ஊழியர்கள் செய்ததுபோல, அவர்கள் கையாலேயே ஒருமுறை கலக்கவைத்துப் பாருங்கள்.