புதுக்கோட்டை சமஸ்தானம்: உருவாக்கமும் இணைப்பும்

பல குலங்கள் கூடி ஓர் அரசாவதையும், அவ்வரசு பின்பு ஒரு தேசத்தில் இணைவதையும் தமிழகத்தில் தெளிவாகக் காட்டும் இடம் புதுக்கோட்டை. சுமார் 1686இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, இங்கே ஆண்டுவந்த பல்லவராயரை நீக்கிவிட்டுத் தம் மைத்துனர் இரகுநாதராயத் தொண்டைமானை அமர்த்தினார். சேதுபதி மறவர், தொண்டைமான் அம்புநாட்டுக் கள்ளர். ஒரு திருமண உறவில் தொடங்கிய அரசு இது.

அன்றைக்கு இப்பகுதி பல 'நாடு'களாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் நாட்டார் கூட்டம், அம்பலகாரர், கோயில், முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு. தொண்டைமான்கள் இந்த அமைப்பைக் கலைக்கவில்லை. நிலத்தாலும் பட்டத்தாலும் தம்மோடு பிணைத்துக்கொண்டார்கள். போருக்கு வரும் சேர்வைகாரருக்கும் அவருடைய ஆட்களுக்கும் அமர மானியம், கோயிலுக்குத் தேவதானம், ஊர்ப்பணி செய்வோருக்கு ஊழிய மானியம். சாதி அடுக்கை வடித்ததில் அரசனின் கைக்கும் பெரும் பங்குண்டு என்று மானுடவியலாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் வாதிட்டது இந்தச் சமஸ்தானத்தை ஆராய்ந்துதான். அவர் நூல் 1987இல் வெளிவந்தது.

குலதெய்வங்கள் பலவாக இருந்த மண்ணில், திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் எல்லோருக்கும் பொதுவான தெய்வமானாள். மன்னர் 'பிரகதாம்பாள் தாஸ்' எனப் பட்டம் சூடினார். அம்மன் காசு என்ற சிறு செப்புக்காசின் ஒருபுறம் அவள் அமர்ந்திருப்பாள். மறுபுறம் தெலுங்கெழுத்தில் 'விஜய' என்றிருக்கும். நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் மக்களுக்கு வழங்கினார்கள். அரசும் அம்மனும் ஒன்றாக ஏழையின் உள்ளங்கைக்கு வந்தது இப்படித்தான். ஆனால், கோயில் மரியாதையை அச்சாகக் கொண்ட இந்த ஒற்றுமையில், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு இடமில்லை. சமஸ்தானத்தின் பெருமை பேசுவோர் இதை மறைக்கக் கூடாது.

திவான்-ரீஜண்ட் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1888இல் நடந்த இனாம் தீர்வையில் மானிய நிலங்கள் பணி நீங்கி வரிக்கு உட்பட்டன. போர்வீரனின் வாரிசு வரிகட்டும் நிலவுடைமையாளர் ஆனார்.

1948 மார்ச் 3 அன்று இராஜகோபாலத் தொண்டைமான் ஆட்சியை ஒப்படைத்தார். ஏறத்தாழ 560 சமஸ்தானங்கள் இந்தியாவில் சேர்ந்த காலம் அது. திருச்சி மாவட்டத்தோடு இணைக்கப்பட்ட இப்பகுதி, தஞ்சையின் அறந்தாங்கியையும் சேர்த்து 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமானது. அரண்மனையில் இன்று ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது.

வாக்குரிமை எல்லோருக்கும் வந்தது. கோயில் மரியாதை வரவில்லை. 2022 டிசம்பரில் இம்மாவட்டத்து வேங்கைவயல் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை ஒட்டி அதிகாரிகள் ஊருக்கு வந்தார்கள். அம்மக்களை இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அவர்கள்தான் உடனிருந்து அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.